சூடம் அணைத்து வாங்கிய கார்டுகள்

ஒருவர் தாம் செய்த சத்தியத்தைக் காப்பாற்றுவதற்காக, அந்தச் சத்தியத்தில் பங்கே இல்லாத எத்தனை பேர் வேலையை இழக்கலாம்? எந்தப் புத்தகத்திலும் இந்தக் கேள்வியை நான் படிக்கவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில், ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே இருந்த ஒரு நூற்பாலையில் ஸ்டோர்ஸ் அதிகாரியாக இருந்தபோது, திறந்து கிடந்த ஓர் இயந்திரப் பெட்டியின் முன்னால் அது என்னைப் பிடித்து நிறுத்தியது.

எழுபதுகளின் பிற்பகுதியில் அந்த ஆலையில் சேர்ந்தேன். கல்லூரியில் பொருளாதாரம் படித்திருந்தேன். மழையை நம்பிக் கடலைக்காட்டுக்கும் சோளக்காட்டுக்கும் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த குடும்பங்களுக்கு மாதம் தவறாமல் சம்பளம் வருவதைவிடப் பெரிய மாற்றம் வேறில்லை என்பது என் நம்பிக்கை. ஆலை அதைச் செய்துகொண்டிருந்தது. ஆகவே பெல்ட்டும் பேரிங்கும் அடுக்கிவைக்கும் வேலையைக்கூட நான் சிறிதாக நினைக்கவில்லை. ஒரு பேரிங் கையிருப்பில் இல்லாமல் ஒரு ஷிப்டு நின்றுபோனால், அந்த ஷிப்டுக்கு எந்தெந்த ஊரிலிருந்து நடந்து வருகிறார்கள் என்று யோசிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அதற்காகக் கேலியும் உண்டு. "நட்டு போல்ட்டுக்கெல்லாம் அழுவறவரு" என்று மானேஜர் என்னைச் சொல்வார்.

ஆலையின் பெருமை ஒரு வைண்டிங் இயந்திரம். சிறு கண்டுகளாக இறங்கும் நூலை ஒன்றோடொன்று இணைத்துப் பெரிய கோன்களாகச் சுற்றித் தரும். நூல் அறுந்தால் தானே முடிச்சுப் போடும். தடித்த இடம் வந்தால் தானே வெட்டியெறியும். ஐரோப்பாவிலிருந்து அது வருவதற்கு முன் அந்த முடிச்சுகளைப் பெண்கள் கையால் போட்டுக்கொண்டிருந்தார்கள். அது வந்த பிறகு அவர்களில் சிலர் வேறு பிரிவுகளுக்குப் போனார்கள், சிலர் நின்றுவிட்டார்கள், பழைய சுற்று இயந்திரங்கள் காயலான் கடைக்குப் போயின. அன்றிலிருந்து ஆலையில் நூற்கும் நூல் முழுவதும் இந்த ஒரே இயந்திரத்தின் வழியாகத்தான் பள்ளிபாளையத்துத் தறிகளுக்குப் போயாக வேண்டும். ஒரு குடத்தின் கழுத்து அது.

இயந்திரத்தின் ஓரத்தில் பீரோ அளவில் ஒரு பேனல் இருந்தது. உள்ளே பச்சை நிற அட்டைகள் புத்தக வரிசைபோலச் செருகியிருக்கும். கார்டு என்போம். நூல் ஓடுகிறதா, அறுந்துவிட்டதா, வெட்டவேண்டுமா என்பதையெல்லாம் முடிவுசெய்பவை அவைதாம். உபரியாகச் சில கார்டுகள் என் பொறுப்பில் இருந்தன. ஈரம் அண்டக்கூடாது என்பதற்காக அவற்றை வைத்த அலமாரிக்குள் சின்ன பல்பு ஒன்றை அணைக்காமல் எரியவிட்டிருப்போம்.

சென்னையிலிருந்து ஏஜென்டின் ஆள் ஒரு நாள் புது மாடலின் வண்ணப்படங்களோடு வந்தார். காபியைக் குடித்து முடித்துவிட்டுப் போகிற போக்கில் சொன்னார்:

"உங்க மாடலை கம்பெனி நிறுத்திட்டாங்க சார். இனிமே அதுக்கு ஸ்பேர் வராது."

"நிறுத்துவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாங்கி அடுக்கியிருப்போமே" என்றேன்.

"எங்களுக்கே இப்பத்தான் சொன்னாங்க. இருந்த ஸ்டாக்கையும் வேற தேசத்துக்காரன் அள்ளிட்டானாம்."

மானேஜர் டம்ளரை மேசையில் வைத்தார். "ஏனுங்க, பொண்ணைக் கட்டிக் குடுத்த கையோட ஊட்டைக் காலி பண்ணீட்டு ஊரை உட்டே போற சம்பந்தியாட்டமல்ல இருக்குது உங்க கம்பெனி!"

ஏஜென்டின் ஆள் சிரித்தார். மானேஜர் சிரிக்கவில்லை. புது மாடல் வாங்கும் நிலையில் ஆலை இல்லை.

அந்த ஆண்டே கார்டுகள் ஒவ்வொன்றாகப் போகத் தொடங்கின. கோடையில் மின்னழுத்தம் ஏறி இறங்குகிற நாட்களில்தான் பெரும்பாலும் போகும். பழுதான ஒன்றைச் சேலம் அஸ்தம்பட்டியில் ரேடியோ பழுது பார்ப்பவர் ஒருவரிடம் எடுத்துப்போனேன். கண்ணாடிச் சில்லைக் கண்ணில் இடுக்கி வெகுநேரம் பார்த்தார்.

"இதுல இருக்கற பார்ட்டுங்க நம்பர் தெரிஞ்சா மெட்ராசுல ரிச்சி தெருவுல போயி வாங்கியாந்து போட்டுடலாம். அத்தனையிலயும் நம்பரைச் சுரண்டிட்டுத்தான் அனுப்பியிருக்கான். நம்மளை நல்லாத் தெரிஞ்சவன் சார்."

அலமாரியில் பல்பு எரிந்துகொண்டிருந்தது. அது வெளிச்சம் போட்டுக் காட்ட உள்ளே அதிகம் எதுவும் மிஞ்சவில்லை.

அப்போதுதான் ஆத்தூர்ப் பக்கத்தில் ஓர் ஆலையில் இதே மாடல் இருப்பது நினைவுக்கு வந்தது. அந்த ஆலை மூடிக்கிடந்தது. சம்பளத் தகராறில் கதவடைத்த முதலாளி பிறகு திறக்கவே இல்லை. எங்கள் மானேஜர் போனில் கேட்டதும், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். எடுத்துவர என்னையும் எங்கள் எலெக்ட்ரீசியனையும் அனுப்பினார்கள்.

எலெக்ட்ரீசியன் நாமக்கல் பக்கத்தில் மானாவாரிக் காடு உழுத குடும்பத்துக்காரர். நாற்பதைத் தாண்டியவர். பெரியவர் சிறியவர் பார்க்காமல் எல்லோரையும் சாமி என்று கூப்பிடுவார். அவருடைய மனைவியும் எங்கள் ஆலையில் பேக்கிங் பிரிவில் வேலைசெய்தார். ஆகவே வைண்டிங் இயந்திரம் நின்றால் என்ன ஆகும் என்பதை அவருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

ஆத்தூர் ஆலையின் வாசலில் தொழிலாளர்கள் முறைவைத்துக் காவலிருந்தார்கள். அன்று பெரும்பாலும் பெண்கள். கோயம்புத்தூர் ஆட்கள் ஆலையைக் குத்தகைக்கு எடுக்க வரப்போவதாகப் பேச்சு இருந்தது. அதுவரை உள்ளிருந்து ஒரு திருகாணிகூட வெளியே போகக்கூடாது என்பது அவர்களுடைய ஏற்பாடு. அவர்கள் சார்பில் பேசியவர் அதே வைண்டிங் இயந்திரத்தில் வேலைசெய்த ஒரு பெண். ஒல்லியானவர், உரத்த குரல்.

"முதலாளி சொல்லிட்டாரா? சொல்லுவாரு. பொணத்தோட கண்ணை எடுக்கவும் வூட்டுக்காரங்களைக் கேக்கணும் சார். இது இன்னும் பொணமும் ஆவல."

எங்கள் ஆலையின் நிலையைச் சொன்னேன். அங்கேயும் பெண்கள் இருக்கிறார்கள் என்றேன். அவர்கள் தங்களுக்குள் பேசினார்கள். மெஷின் சும்மா கிடக்கையில் நாலு பொண்ணுங்க பொழப்புக்கு உதவினால் என்ன என்று ஒருத்தி சொன்னாள். போனது திரும்பி வராது என்றாள் இன்னொருத்தி. கடைசியில் அந்தப் பெண் ஒரு முடிவு சொன்னார்:

"கொண்டுபோங்க. ஆனா குத்தகைக்காரன் வர்ற அன்னிக்கு எடுத்ததை எடுத்தபடியே திருப்பிக் குடுத்துடறேன்னு பிள்ளையார் முன்னாடி சூடத்தை அணைச்சுச் சொல்லணும்."

ஆலை வாசலில் சிறிய பிள்ளையார் இருந்தார். ஏற்றிய சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொன்ன சொல் மாறாது என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் பொதுவான நம்பிக்கை. பங்காளித் தகராறு, வரப்புத் தகராறு எல்லாம் அதில் தீர்ந்திருக்கின்றன. அவர்களுக்குத் தெரிந்த பத்திரம் அது.

எனக்குக் கடவுள் நம்பிக்கை பெரிதாக இல்லை. ஆனால் நான் அணைக்க மறுத்ததற்கு அது காரணமல்ல. கார்டுகள் எங்கள் ஆலைக்குள் போய்விட்டால் அவற்றை வெளியே கொண்டுவரும் அதிகாரம் எனக்கில்லை. "திருப்பித் தரச்சொல்லி மானேஜரிடம் பேசுவேன். அதற்கு வேண்டுமானால் சத்தியம் செய்கிறேன்" என்றேன்.

"பேசுவேன்னு யாராச்சும் சூடம் அணைப்பாங்களா?" அந்தப் பெண் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "காத்தைப் படியில அளந்து தர்றேங்கறாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். எலெக்ட்ரீசியன் சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் போனார்.

"நான் அணைக்கறனுங்க சாமி. நீங்க ஏத்துங்க."

நான் அவர் தோளைத் தொட்டேன். "யோசித்துச் செய்யுங்கள்" என்றேன்.

"யோசிக்க என்னங்க இருக்குது? வாங்குனதைக் குடுக்கறதுதானுங்களே."

அணைத்துவிட்டு உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அந்தப் பெண்ணே முன்னால் நடந்து பேனலைக் காட்டினார். கார்டுகளை உருவி, பருத்தித் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தோம். திரும்பும்போது பஸ்ஸில் எலெக்ட்ரீசியன் சேலம் வரும்வரை பையை மடியிலிருந்து இறக்கவில்லை. பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், "மானேஜரு குடுத்துருவாருங்கல்ல?" என்று கேட்டார். பார்ப்போம் என்றேன்.

எங்கள் இயந்திரம் அடுத்த நாளே ஓடியது. அதற்குப் பிறகு வந்த மாதங்களில் ஆலையில் யாரும் அந்தக் கார்டுகளை இரவல் பொருளாக நினைக்கவில்லை. எலெக்ட்ரீசியன் மட்டும் பேனலைத் திறக்கும்போதெல்லாம் அந்த வரிசையைத் தனியாகத் துடைப்பார்.

பொங்கல் கழிந்த சில வாரங்களில் அந்தப் பெண் எங்கள் ஆலை வாசலுக்கு வந்தார். கோயம்புத்தூர் ஆட்கள் வருவது உறுதியாகிவிட்டது. மானேஜர் அவரை உள்ளே விடவில்லை. என்னையும் எலெக்ட்ரீசியனையும் அறைக்குள் அழைத்தார்.

"அந்த மில்லு முதலாளிகிட்டக் கேட்டு வாங்குன பொருளு. அது நம்முது. சத்தியம் இவன் பண்ணுனது. மில்லா பண்ணுச்சு?"

"மில்லுக்காகத்தானுங்க பண்ணுனேன்" என்றார் எலெக்ட்ரீசியன்.

"நம்ம மெஷினை நிறுத்தீட்டு அவிங்க மெஷினை ஓட்டச் சொல்றயா? உன்ற ஊட்டுக்காரி எங்க வேலை பாக்கறான்னு தெரியுமில்ல?"

மானேஜரைக் கெட்டவர் என்று சொல்ல என்னால் முடியவில்லை. அவர் சொன்ன கணக்கை நானும் மனத்துக்குள் போட்டுப் பார்த்திருந்தேன். அங்கே ஒரு நம்பிக்கை. இங்கே ஓடிக்கொண்டிருக்கும் ஷிப்டுகள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி எனக்குத் தோன்றியது. மின்வெட்டுக் காலம் ஆதலால் வார விடுமுறை ஆலைக்கொரு நாளாக மாற்றப்பட்டிருந்தது. எங்களுக்குப் புதன்கிழமை. குத்தகைக்காரர்களை ஒரு புதன்கிழமையில் வரவழைத்தால், அன்று காலையில் கார்டுகளைக் கொண்டுபோய்ப் பொருத்தி ஓட்டிக்காட்டலாம், மாலையில் எடுத்துவந்துவிடலாம். ஆலை திறப்பது உறுதியானால் மேற்கொண்டு பேசிக்கொள்ளலாம்.

மானேஜர் ஒத்துக்கொண்டார். "காட்டீட்டுச் சாயங்காலமே எடுத்துட்டு வந்துரோணும். வியாழக்கிழமை காத்தால நம்ம மெஷின் ஓடோணும்."

"சரிங்க. கொண்டுபோயிக் குடுக்கறமுங்க" என்றார் எலெக்ட்ரீசியன். எனக்கு அது போதுமானதாக இருந்தது. வாசலில் நின்ற பெண்ணிடமும் புதன்கிழமை கொண்டுவருகிறோம் என்றுதான் சொன்னேன்.

அந்தப் புதன்கிழமை நாங்கள் போனபோது ஆலையைப் பெருக்கித் தெளித்திருந்தார்கள். பேனலின் கதவுப் பிடியில் பொங்கல் காப்பு கட்டியிருந்தது. வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் காய்ந்து தொங்கின. சத்தியம் செய்து எடுத்த இடம், செய்தவர் வந்து திறக்கும்வரை வேறு யாரும் கைவைக்கக் கூடாது என்று மூடியதை மூடியபடியே காத்திருக்கிறார்கள். அதைப் பெருமையோடு சொன்னார்கள். எலெக்ட்ரீசியன் காப்பை அவிழ்த்துக் கதவைத் திறந்தார்.

கார்டுகள் இருந்த இடமெல்லாம் குளவிகள் மண்கூடு கட்டியிருந்தன.

அடிப்பக்கத்துக் காற்றுத் துளைகள் வழியாக அவை வந்திருக்க வேண்டும். கார்டுகள் செருகியிருந்தவரை உள்ளே இடமில்லை. நாங்கள் உருவிய பிறகு, நீளமான, இருட்டான, யாரும் தொடாத இடுக்குகள் வரிசையாகக் கிடைத்துவிட்டன. ஈரமண் உலர்ந்து செம்பு முனைகளோடு ஒட்டிப்போயிருந்தது. சுரண்டச் சுரண்ட முனைகள் பச்சை பாரித்துத் தெரிந்தன.

"ஒருவாட்டி தொறந்து பாத்திருக்கலாமே சாமி" என்றார் எலெக்ட்ரீசியன், மெதுவாக.

"தொறக்கக்கூடாதுன்னுதான இருந்தோம்" என்றார் அந்தப் பெண்.

எலெக்ட்ரீசியன் பெட்ரோல் வைத்துத் துடைத்தார். தாள் மடித்துத் தேய்த்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. குத்தகைக்காரர்கள் இருவர், வெள்ளைச் சட்டைக்காரர்கள், வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கார்டுகளைச் செருகி ஸ்விட்சைப் போட்டதும் இயந்திரம் உறுமியது. சில கோன்கள் சுற்றத் தொடங்கின. பெண்களில் யாரோ கை தட்டினார்கள். பிறகு பேனலின் அடியிலிருந்து மெல்லிய புகை எழுந்தது. அவர் பாய்ந்து மின்சாரத்தை நிறுத்தினார். கார்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவற்றைத் தாங்கும் சட்டமும் பின்னால் ஓடிய கம்பிகளும் கருகிவிட்டன.

"நல்ல மெஷின்தான்" என்றார் வந்தவர்களில் பெரியவர். "ஸ்பேரும் கிடைக்காதுங்கறாங்க. சொல்லியனுப்பறமுங்க." குடிக்கத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் காரில் ஏறினார்கள். சொல்லியனுப்பப்போவதில்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது.

நிழல் சாய்ந்துகொண்டிருந்தது. "கார்டுகளை எடுத்துத் துணியில் சுற்றுங்கள். சேலம் பஸ் போய்விடும்" என்றேன்.

எலெக்ட்ரீசியன் அசையவில்லை. "எடுக்கறதுக்கில்லீங்களே."

"என்ன சொல்கிறீர்கள்?"

"திருப்பிக் குடுத்துருவேன்னு அணைச்சேன். குடுத்துட்டனுங்க. காட்டீட்டு எடுத்துட்டுப் போறேன்னு நான் அணைக்கலீங்க. இனி இது அவிங்களுது."

"இங்கே இது ஓடாது. நீங்களே பார்த்தீர்கள். அங்கே ஓடும். உங்கள் வீட்டிலேயே..."

"தெரியுமுங்க. அவகிட்டச் சொல்லீட்டுத்தான் வந்தேன்."

நான் அந்தப் பெண்ணிடம் திரும்பினேன். "அம்மா, நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவர் எடுத்துக்கொள்வார். உங்களுக்கு இதனால் இனிப் பயன் இல்லை."

அவர் இயந்திரத்தின் மேல் படிந்திருந்த தூசியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார். "ஓடாதுன்னு எனக்கும் தெரியுது சார். ஆனா எடுத்துக்குனு போங்கன்னு என் வாயில வராது. சொன்னா, மில்லு முடிஞ்சுபோச்சுன்னு நானே சொன்னதா ஆயிடும். இன்னும் இங்க யாரும் அதைச் சொல்லல." சற்று நிறுத்தினார். "நீங்க எடுத்தா நான் தடுக்கமாட்டேன். வந்த ரெண்டு பேருல சூடம் அணைக்காதவரு நீங்கதான."

அதில் கேலி இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. பேனல் என் முன்னால் திறந்து கிடந்தது. கார்டுகளை உருவ எனக்கும் தெரியும். எங்கள் ஆலைப் பெண்களின் முகங்களை நினைத்தேன். இங்கே வாசலில் நின்றவர்களைப் பார்த்தேன். எடுத்தால் இவர்களுக்கு நட்டமில்லை, எடுக்காவிட்டால் அவர்களுக்கு நட்டம். இதைவிட எளிய கணக்கு இல்லை. கையை நீட்டி முதல் கார்டின் விளிம்பைப் பிடித்தேன். எலெக்ட்ரீசியன் என்னைத் தடுக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார், அவ்வளவுதான். அவரும் நானும் ஒரே ஆலையிலிருந்து, ஒரே பஸ்ஸில், ஒரே பையோடு வந்தவர்கள். நான் உருவினால் அவர் கொடுத்தது கொடுத்ததாகாது. அங்கிருந்த ஒவ்வொருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

கையை எடுத்துவிட்டேன். நான் செய்தது சரியென்று எனக்கு அப்போது தோன்றவில்லை. வேறெதையும் செய்ய முடியவில்லை என்பதே உண்மை. வெறும் பையோடு பஸ் ஏறினோம்.

மானேஜர் வியாழக்கிழமை காலையிலேயே ஜீப்பை அனுப்பினார். வாசலில் பெண்கள் விடவில்லை. மறுமுறை அனுப்புவதற்குள், குத்தகை கைகூடாது என்று தெரிந்துகொண்ட அந்த முதலாளி இயந்திரம் முழுவதையும் பழைய இரும்பு வியாபாரிக்கு எடைபோட்டு விற்றுவிட்டார். போலீஸ் காவலோடு வந்து, பேனலைப் பிரிக்காமலேயே லாரியில் ஏற்றினார்களாம். கார்டுகளும் தகரத்தோடு தகரமாகப் போயின.

எங்கள் வைண்டிங் இயந்திரம் அதற்குப் பிறகு ஓடவில்லை. நூலைக் கண்டுகளாகவே வெளியே அனுப்பிக் கோன் சுற்றி வாங்கும் ஏற்பாட்டுக்கு ஆலை மாறியது. மூன்றாவது ஷிப்டு நிறுத்தப்பட்டது. பேக்கிங்கில் ஆட்களைக் குறைத்தபோது எலெக்ட்ரீசியனின் மனைவி பெயர் முதலில் வந்தது. எலெக்ட்ரீசியனைப் பம்ப் அறைக்கு மாற்றினார்கள். சில மாதங்களில் அவராகவே நின்றுகொண்டு காட்டுவேலைக்குப் போய்விட்டார். போகும் நாளில் ஸ்டோர்ஸுக்கு வந்து, "வாரனுங்க சாமி" என்று சொல்லிவிட்டுப் போனார். வேலையிழந்த பெண்களில் சிலர் வழியில் என்னைப் பார்த்தால் நிற்பார்கள். ஏன் எடுத்துவரவில்லை என்று ஒருவரும் கேட்டதில்லை. சூடம் அணைத்த கதை அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

மூடிய ஆலைகளிலிருந்து உதிரிபாகம் வாங்கச் சொல்லி வந்த எந்த யோசனையையும் அதன்பின் நான் மேலே அனுப்பவில்லை. புதிதாக எந்த இயந்திரத்துக்கு விலை கேட்டாலும், அதன் உதிரிபாகங்கள் எத்தனை ஆண்டுகள் கிடைக்கும் என்று எழுதி வாங்கிய பிறகே கோப்பை நகர்த்தினேன். கையால் முடிச்சுப் போடும் பழைய சுற்று இயந்திரங்கள் சிலவற்றை ஆலை திரும்ப வாங்கியது. வேலையிழந்தவர்களில் ஒரு பகுதியினர் அதில் சேர்ந்தார்கள். மற்றவர்கள் வரவில்லை. மூன்றாவது ஷிப்டு மறுபடி தொடங்கப்படவில்லை.